கீழ்ஒட்டிவாக்கம் தந்த வீரர்: சுபேதார் சுப்பிரமணியன்

பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காணாத மாணவர் நம் வட்டாரத்தில் குறைவு. 1751ஆம் ஆண்டில் வாலிகண்டபுரத்தை அடுத்த இந்நிலப்பரப்பில் சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயரும் நின்று பொருதனர். வென்றோர் பெயரும் தோற்றோர் பெயரும் நூல்களில் உள்ளன. இருதரப்பிலும் துப்பாக்கி ஏந்தி நின்ற சிப்பாய்கள் யாவர், எவ்வூரினர் என்று கேட்டால் கோட்டைச் சுவர் விடை கூறாது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்தை எடுத்துக்கொண்டாலும் நிலைமை அதுவே. கங்கைப் படையெடுப்பின் வெற்றி ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது. 1025ஆம் ஆண்டளவில் கடாரத்திற்குக் கலம் ஏறிய படைஞருள் திரும்பி வாராதவர் பெயரைத் தாங்கிய தெரு ஒன்றுகூட அங்கில்லை.

மன்னர் பெயர் நிலைக்க, மறவர் பெயர் மறைவது உலகியல்பு என்று இதனை விட்டுவிடலாம். ஆயின் தமிழ் மரபு அவ்வாறு விட்டுவிடவில்லை என்பதே நோக்கத்தக்கது. போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கின்றது. உரிய கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, நாட்டப்பட்ட கல்லை வாழ்த்துவதில் அது முடிகின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006ஆம் ஆண்டில் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்கள் கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல்லாகும். அவன் அரசனல்லன், தலைவனும் அல்லன். நிகழ்ச்சி, ஊர், பெயர் ஆகிய மூன்றும் அக்கல்லில் உள்ளன. ஒரு சாதாரண வீரனுக்கு வரலாறு தரவேண்டிய குறைந்த அளவு மரியாதை அம்மூன்றே எனலாம்.

அம்மூன்றும் கிடைக்கப்பெற்ற தமிழகச் சிற்றூர் வீரர் ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் சுப்பிரமணியன். ஊர், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தின்பாற்பட்டிருந்ததும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதுமான கீழ்ஒட்டிவாக்கம். நிகழ்ச்சி, 1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில் நடைபெற்றது. ஜார்ஜ் சிலுவை என்னும் உயர் விருது நேரடியாக வழங்கப்பெற்ற முதல் இந்தியர் அவரே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வாயிலாக அவர் பெயரை அறிந்த மாணவரை யான் இதுவரை வகுப்பறையில் கண்டதில்லை.

அவர் சுமார் 1912ஆம் ஆண்டில் பிறந்தவர். அக்காலத்தில் ஒரு தமிழ்ச் சிற்றூர் இளைஞன் பட்டாளத்தில் சேர்வது எளிதன்று. இதற்குக் காரணம் அவனுடைய துணிவுக் குறைவன்று, அரசின் கொள்கையே. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் ஆங்கிலப் படைத்தலைவர்கள் ‘போர்க்குடிகள்’ என்றொரு கோட்பாட்டை வகுத்தனர். வடமேற்கு இந்திய மக்களே போருக்குப் பிறந்தவர்கள், தென்னாட்டார் போர்க்குணம் இழந்தவர்கள் என்பது அதன் சாரம். 1885 முதல் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இக்கொள்கையின் பெரும் ஆதரவாளர். ஆங்கிலேயருக்கு ஆர்க்காட்டிலும் மைசூரிலும் பேரரசு தேடித் தந்தது சென்னைப் படைதான் என்பதை அவர்கள் மறந்தனர். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சென்னைக் காலாட்படை அறவே கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோது அதே படையை மீண்டும் எழுப்பினர். கோட்பாடு எவ்வளவு உறுதியானது என்பதை இதனால் அறியலாம்.

கலைக்கப்படாமல் தப்பிய தென்னாட்டுப் படைப்பிரிவு ஒன்று உண்டு. அது சென்னைச் சாப்பர்ஸ் மைனர்ஸ் எனப்படும் படைப் பொறியியல் பிரிவாகும். 1780ஆம் ஆண்டில், ஹைதர் அலியோடு ஆங்கிலேயர் பொருதுகொண்டிருந்த காலத்தில், பாதை வெட்டும் பயனியர் படையாக அது சென்னையில் தொடங்கப்பெற்றது. பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. விக்டோரியா பேரரசியின் பெயரையும் தன் பெயருக்கு முன் தாங்கியது. விடுதலைக்குப் பின் சென்னைப் பொறியாளர் குழு என்னும் பெயரில் அது இன்றும் பெங்களூரிலேயே இயங்கி வருகின்றது. அப்படையினரைப் பிற படையினர் ‘தம்பி’ என்றே அழைப்பர். தமிழ்ச் சொல்லொன்று இந்தியப் படையின் வழக்குச் சொல்லாக நிலைபெற்றிருப்பது தமிழ் பயில்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

‘சாப்பர்’ என்னும் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் உள்ளது. பகைவர் கோட்டையை நோக்கி மறைவாக அகழ்ந்து செல்லும் பள்ளத்தைக் குறித்த சொல் அது. உழிஞை, நொச்சி என்னும் திணைகளைப் பயில்வோர்க்கு இத்தொழில் புதிதன்று. மதிலை முற்றுவோரும் காப்போரும் அகழியிலும் மதிலிலும் செய்யும் வினைகளைத் துறை துறையாக வகுத்த இலக்கணம் நம்முடையது. வாளேந்தியவனைப் பாடிய அளவுக்கு மண்வெட்டி ஏந்தியவனைப் புலவர்கள் பாடவில்லை என்பது வேறு செய்தி.

இப்பிரிவில் சேரும் இளைஞன் துப்பாக்கியோடு ஒரு கைத்தொழிலையும் பயில வேண்டும். தச்சு, கொல், கொத்து, பாலம் கட்டுதல், வெடி வைத்தல் என அவன் கற்பன பல. முள்வேலித் தடைகளை உடைக்க உலகப் படைகள் அனைத்தும் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்ப்பிடோ’ என்னும் நீள்குழாய் வெடி, 1912ஆம் ஆண்டில் இப்படையின் பெங்களூர்த் தலைமையகத்தில் கேப்டன் மெக்ளின்டாக் என்பவரால் உருவாக்கப்பட்டது. சுப்பிரமணியன் பிறந்ததும் ஏறத்தாழ அவ்வாண்டே.

அவர் எட்டிய பதவி சுபேதார் என்பது. இப்பெயர்களைப் பற்றி இங்குச் சிறிது கூறுதல் பொருந்தும். சிப்பாய் என்பது படைஞனைக் குறிக்கும் ‘ஸிபாஹி’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. ‘ஸூபா’ என்றால் மாகாணம். அதனை ஆள்பவன் சுபேதார். முகலாயப் பேரரசில் ஒரு நாட்டையே ஆண்டவனுக்கு உரிய அப்பட்டம், கும்பினிப் படையில் ஒரு சிறு பிரிவின் இந்தியத் தலைவனைக் குறிப்பதாகச் சுருங்கிற்று. பேரரசுகள் மாறும்போது பட்டங்களின் மதிப்பும் மாறும் என்பதற்கு இச்சொல் ஒரு சான்று. ‘ஜமாஅத்’ என்னும் கூட்டத்துக்குத் தலைவன் ஜமேதார். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவன் ஹவில்தார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஓய்வு பெற்ற படைஞர் வீட்டை ‘சுபேதார் வீடு’, ‘அவில்தார் வீடு’ என்று இன்றும் சுட்டுவது உண்டு. அரபியும் பாரசீகமும் இவ்வாறு பட்டாளத்தின் வழியே நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தன.

ஆங்கிலேயர் காலத்தில் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகியோர் வைசிராயின் ஆணை பெற்ற அலுவலர்கள். கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, பல்லாண்டுப் பணிக்குப் பின்னரே ஒருவர் இந்நிலையை அடைவது வழக்கம். எவ்வளவு அனுபவம் இருப்பினும் இளம் ஆங்கில அதிகாரி ஒருவருக்குக் கீழ்ப்பட்டவரே சுபேதார். எனினும் படைஞரின் மொழி, உணவு, குடும்பத் துயர் யாவும் அறிந்தவர் அவரே. அதிகாரிகளின் ஆணையைப் படைஞர்க்கும், படைஞரின் மனத்தை அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொல்லும் பாலம் அவர். முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் சுப்பிரமணியன் இப்பொறுப்பில் இருந்தார் என்றால் அவருடைய திறமையை நாம் உய்த்துணரலாம்.

அவர் பணியாற்றியது சென்னைச் சாப்பர்ஸ் பிரிவின் 11ஆம் பீல்டு பார்க் கம்பெனி. இது நான்காவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் எரித்திரியாவிலும் வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களிலும் பொருது பெயர் பெற்றுப் பின்னர் இத்தாலிக்கு வந்தது. நேச நாடுகள் 1943 செப்டம்பரில் இத்தாலியின் பெருநிலத்தில் இறங்கின. ஜெர்மானியர் அடி அடியாகப் பின்வாங்கி, உரோமாபுரிக்குச் செல்லும் பாதையை மாண்ட்டி கசீனோ என்னும் மலையில் அடைத்து நின்றனர். 1944 பிப்ரவரி 15ஆம் நாள் அம்மலைமேல் இருந்த தொன்மையான கிறித்தவ மடம் விமானக் குண்டுகளால் தகர்க்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து நான்காவது இந்திய டிவிஷன் அம்மலையைத் தாக்கிப் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. 18ஆம் நாளுடன் அத்தாக்குதல் நின்றது. அடுத்த தாக்குதல் மார்ச்சு 15ஆம் நாளே தொடங்கிற்று. இடைப்பட்ட நாட்கள் கடுங்குளிரிலும் மழையிலும் சேற்றிலும் கழிந்தன.

கசீனோவுக்குத் தென்கிழக்கே, நேச நாட்டுப் படைகளின் வழங்கல் பாதையில் அமைந்த சிற்றூர் மிஞ்ஞானோ. இருபுறமும் மலைகள் நெருங்கிய இடைவழி அது. அதனை விட்டு நீங்குமுன் ஜெர்மானியர் வயல், தோட்டம், சாலையோரம் எங்கும் நிலக்கண்ணிகளைப் புதைத்துச் சென்றிருந்தனர். படை முகாமிடவும், வண்டி நிறுத்தவும், பண்டம் சேர்த்து வைக்கவும் ஒரு காணி நிலம் வேண்டுமானாலும் முதலில் அங்குக் கண்ணி அகற்றியாக வேண்டும். அவ்வேலை சாப்பர்களுடையது.

அதனை அவர்கள் செய்யும் முறையை அறிந்தால்தான் பிப்ரவரி 24ஆம் நாள் நடந்தது விளங்கும். முன்னே செல்பவர் நீண்ட கோலின் நுனியில் வட்டத் தட்டு ஒன்று பொருத்திய கருவியைத் தரைக்குச் சற்று மேலே இடமும் வலமும் அசைத்துக்கொண்டே நடப்பார். காதில் ஒலிவாங்கி இருக்கும். மண்ணுக்கடியில் உலோகம் இருப்பின் ஒலி மாறும். கோசாட்ஸ்கி என்னும் போலந்து நாட்டுப் பொறியாளர் 1941ஆம் ஆண்டளவில் வடிவமைத்த கருவி இது. பின்னால் வருபவர், பார்த்து முடித்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா விரித்து வருவார். நாடாவுக்குள் வைக்கும் அடி வாழ்வு. வெளியே வைக்கும் அடி சாவு. ஜெர்மானியர் மரப்பெட்டியில் அடைத்த கண்ணிகளையும் செய்தனர். அவற்றைக் கருவி காட்டிக்கொடுக்காது. துப்பாக்கி முனையின் ஈட்டியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தித்தான் தேட வேண்டும். நாற்று நடுபவர் குனிந்து நகர்வது போல ஒரு கழனியை விரல் விரலாகத் தடவிக் கடக்கும் வேலை இது.

கண்ணிகளுள் மிகவும் அஞ்சப்பட்டது ‘எஸ்’ கண்ணி என்பது. இதனை மிதித்தவுடன் முழு வெடிப்பு நிகழ்வதில்லை. முதலில் ஒரு மெல்லிய வெடியொலி. சுமார் நான்கு நொடி இடைவெளி. பிறகு உள்ளிருக்கும் உருளை, நிற்கும் மனிதனின் இடுப்பு உயரத்துக்கு எழும்பி வெடிக்கும். ஏறத்தாழ 350 இரும்புக் குண்டுகள் நாற்புறமும் தெறிக்கும். மிதித்தவனை மட்டுமன்றிச் சுற்றி நிற்பவர் அனைவரையும் வீழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. மிதித்த கணத்திலேயே வெடிக்கும் கண்ணியாயின் அதனைத் தடுக்க எவர்க்கும் காலம் இராது. ஆகவே சுப்பிரமணியன் எதிர்கொண்டது காலம் தாழ்த்து வெடிக்கும் இவ்வகைக் கண்ணியே எனக் கொள்ளலாம்.

அன்று அவர் கண்ணி அகற்றும் சிறு குழு ஒன்றை நடத்திச் சென்றார். கண்ணி ஒன்று தூண்டப்பட்டது. அவ்வொலியின் பொருளை அங்கிருந்தவருள் அவர் நன்கறிவார். நான்கு நொடியில் ஒருவன் தரையில் விழுந்து தன்னைக் காத்துக்கொள்ள முயலலாம். சில அடிகள் ஓடலாம். சுப்பிரமணியன் ஓடியது கண்ணியை நோக்கி. அதன்மேல் தம் உடலைக் கிடத்தினார். மேலெழ வேண்டிய வெடிப்பு அவர் உடலோடு நின்றது. அவர் உயிர் நீத்தார். உடன் வந்தோர் உயிர் பிழைத்தனர்.

வீரச்செயல்கள் பலவற்றைப் பற்றிப் படிக்கிறோம். சினமும் ஆரவாரமும் சூழ்ந்த போர்முனையில், பகைவன் கண்ணெதிரே நிற்கும்போது ஒருவன் தன்னை மறத்தல் ஒருவகை. இங்கே பகைவன் இல்லை, முழக்கம் இல்லை. ஈரமான ஒரு நிலம், சில தோழர்கள், ஒரு சிறு ஒலி, அவ்வளவே. பல்லாண்டுப் பயிற்சி அவருக்குக் கற்பித்தது ‘விழுந்து படு’ என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்பயிற்சியை மீறி அவர் செய்த செயல் எந்தக் கையேட்டிலும் இல்லாதது. புறத்திணை இலக்கணத்தில் இதற்கு நேரான துறை எது என்று யான் தேடியதுண்டு. ஆநிரை மீட்டு இறக்கும் கரந்தை வீரன் ஊரவர் உடைமைக்காக இறக்கின்றான். இவரோ உடன் நின்றோர் உயிருக்காக இறந்தார். கரந்தையோடு சேர்க்கலாம் என்பது என் கருத்து. மாறுபடுவோர் காரணம் காட்டுக. ஓருயிரைக் காத்தலின் மாண்பைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் இடத்தை நம் மாணவர் பலரும் அறிவர். அவ்விடத்தை ஓதும்போது இவரையும் நினைத்தல் தகும்.

1944 ஜூன் 30ஆம் நாளிட்ட இலண்டன் அரசிதழ் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பெற்ற செய்தியை அறிவித்தது. விக்டோரியா சிலுவையைப் பற்றி அறிந்தோர், அது ஏன் வழங்கப்படவில்லை என வினவலாம். விக்டோரியா சிலுவை பகைவர் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு உரியது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940 செப்டம்பரில் ஏற்படுத்திய ஜார்ஜ் சிலுவை, பகைவர் நேர்முன் இல்லாத இடத்தில் காட்டும் அதே அளவு வீரத்துக்கு உரியது. ஓர் ஒப்பீடு இதனைத் தெளிவாக்கும். பம்பாய்ச் சாப்பர்ஸ் பிரிவைச் சேர்ந்த இளம் அதிகாரி பிரேமீந்திர சிங் பகத் 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அபிசீனியப் போர்முனையில் நான்கு நாட்களில் 55 மைல் தொலைவில் 15 கண்ணி வயல்களை அகற்றி விக்டோரியா சிலுவை பெற்றார். அவர் செய்தது முன்னேறும் படைக்கு முன்னணியில். சுப்பிரமணியன் இறந்தது படைக்குப் பின்னே. செயலின் அளவில் ஏற்றத்தாழ்வு இல்லை; இடத்தின் வேறுபாடே விருதின் பெயரை வேறாக்கிற்று. ஜார்ஜ் சிலுவை பெற்ற இந்திய வீரருள் ஹைதராபாத்தைச் சேர்ந்த கேப்டன் மத்தீன் அகமது அன்சாரியும் ஒருவர். ஹாங்காங்கில் சப்பானியர் சிறையில் எத்துணைக் கொடுமைக்கும் இணங்காது நின்று 1943ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார் அவர்.

இனி, மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருவோம். அது கடினமான கேள்வி, மழுப்பலாகாது. சுப்பிரமணியன் அணிந்தது ஆங்கிலேயரின் உடை. அவர் இறந்த நாளில் காந்தியடிகள் சிறையில் இருந்தார். கிழக்கே நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் மணிப்பூரை நோக்கி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. மலேயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து திரளாகச் சென்ற தமிழர்கள் அதில் இருந்தனர். 1943 செப்டம்பர் 10ஆம் நாள், இந்திய தேசிய இராணுவத்தைச் சேர்ந்த இளைஞர் வக்கம் அப்துல் காதர் சென்னைச் சிறையில் தோழர்களுடன் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஐந்தரைத் திங்களுக்குப் பிறகே மிஞ்ஞானோ நிகழ்ச்சி. ஒரே அரசு ஒருவருக்குக் கயிற்றையும் மற்றொருவருக்குச் சிலுவையையும் அளித்தது. இவருள் யாரை நாம் போற்றுவது?

இருவரையும் என்பதே என் விடை. இது சமாதானத்துக்காகச் சொல்லும் விடையன்று. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேரைக் கொண்டதாகப் பெருகிற்று. கட்டாய ஆள்சேர்ப்பு இன்றித் திரண்ட படை அது. ஆயினும் வறுமையின் கட்டாயம் இல்லை என்று எவரும் கூற இயலாது. மழை பொய்த்த மானாவாரி நிலத்தில் நான்காவது மகனாகப் பிறந்தவனுக்கு மாதச் சம்பளமும் குடும்பத்துக்கு அனுப்பும் மணியார்டரும் எவ்வளவு பெரியவை என்பதைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவனை ‘கூலிப்படை’ என்று அழைப்பது, வயிறு நிறைந்தவர்க்கு எளிது. மேலும், எதிரே நின்றது இட்லரின் படை. அது வென்றிருந்தால் உலகம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இவ்வாதங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றுண்டு. அந்த நான்கு நொடியில் சுப்பிரமணியனின் நெஞ்சில் பேரரசர் இருந்திருக்க முடியாது. பின்னால் வந்தவர்களே இருந்திருக்க வேண்டும். சிலுவையை அளித்தவர் மன்னராக இருக்கலாம். செயல் மன்னருக்காகச் செய்யப்பட்டதன்று.

ஆயினும் அப்பேரரசு எளிய வீரரை எவ்வாறு நினைத்தது என்பதில் மனக்குறை உண்டு. தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றில் பழைய சாவடிச் சுவரிலோ பொதுக்கட்டடத்திலோ சிறு கல்வெட்டுப் பலகை ஒன்றைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அது கூறும். எண் இருக்கும், பெயர் இராது. தீயன் அந்தவனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊரார் செய்ததைப் பேரரசு செய்யவில்லை. முதல் உலகப்போரில் கடல் கடந்து சென்ற இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். இறந்தவர் ஏறத்தாழ 74,000. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் பல்லாயிரவர்க்கு ஐரோப்பியர்க்குச் செய்தது போன்ற நினைவுக்குறி செய்யப்படவில்லை என்பதைப் போர்க்கல்லறை ஆணையமே 2021ஆம் ஆண்டில் ஆய்ந்து ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டு கழித்து வந்த வருத்தம்.

விடுதலைக்குப் பின் நிலைமை சிறிது மாறியுள்ளது. 1965ஆம் ஆண்டுப் போரில் அசல் உத்தர் களத்தில் பகைவர் டாங்கிகளை எதிர்த்துப் பொருது மாண்ட ஹவில்தார் அப்துல் ஹமீது, உத்தரப் பிரதேசத்துத் தாமுப்பூர் என்னும் சிற்றூரில் தையல் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். பரம் வீர் சக்கரம் பெற்ற அவரை நாடு அறியும். 1999 மே 29ஆம் நாள் கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் வீழ்ந்த மேஜர் சரவணன், நம் மாவட்டங்களுக்குத் தாய் மாவட்டமான திருச்சிராப்பள்ளியின் வீரர். அவருக்கு அந்நகரில் நினைவுச்சின்னம் உண்டு. 1944ஆம் ஆண்டில் மாண்டவர் இவ்விரு வரிசையிலும் சேராமல் நடுவே நின்றுவிட்டார். ஆங்கிலேயருக்கு அவர் பல்லாயிரவருள் ஒருவர். விடுதலை பெற்ற நாட்டுக்கு அவர் ஆங்கிலேயர் படையினர். கீழ்ஒட்டிவாக்கத்துக்கு அவர் யார் என்பதே நிலையான கேள்வி.

இத்தாலியில் இறந்த இந்திய வீரருள் முஸ்லிம்கள் அவரவர் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுக்குத் தனித்தனிக் கற்கள் உள்ளன. இந்துக்களும் சீக்கியரும் எரியூட்டப்பட்டமையால் அவர்களுக்குக் கல்லறை இல்லை. அவர்தம் பெயர்களைப் பொறிக்க அந்நாட்டில் மூன்று நினைவகங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஏட்ரியாட்டிக் கடற்கரையை நோக்கிய சாங்ரோ ஆற்றுப் போர்க்கல்லறையினுள் உள்ளது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் அங்குள்ளன. மேற்குப் பக்கத்து மலையிடுக்கில் உயிர் நீத்த சுபேதார் சுப்பிரமணியனின் பெயர், தீபகற்பத்தின் மறுபக்கத்தில், கடலைப் பார்த்த அச்சுவரில்தான் இருக்கிறது.